கார்புரேட்டருக்குப் பின்னால் ஒரு சாக்ஸ்

வீட்டு மெக்கானிக் ஐயாவுக்கு,

சாப்பாடு மேஜையில் இருக்கிறது. கிரீஸ் கையோடு மூடியைத் தொடாதீர்கள்.

எட்டு மாதமாக அந்தப் பழைய பைக்கைப் பிரித்துப் பிரித்து மாட்டினீர்கள். கிளம்பவில்லை. பிளக் சரியில்லை, விற்றவன் சரியில்லை. ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல். நான் வாயைத் திறந்தால், "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

காலையில் கார்புரேட்டரைக் கழற்றினேன். பின்னால் இன்ஜின் ஓட்டையில் பாப்பாவின் சாக்ஸ்! தூசி போகாமலிருக்க நீங்களே அடைத்துவிட்டு, எடுக்க மறந்து மாட்டியிருக்கிறீர்கள். சாக்ஸைத் தொலைத்ததாக அவளைத் திட்டியதும் நீங்கள்தான்.

நான் நேற்றே சொல்லிவைத்த நிஜ மெக்கானிக் பத்து மணிக்கு வருவார். சாக்ஸைக் காட்டுங்கள்.

பி.கு.: சாக்ஸை எடுத்துவிட்டு கார்புரேட்டரை மாட்டி, வாசலில் வைத்து உதைத்தேன், இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்திலும் உங்கள் குறட்டை நிற்கவில்லை. ஆபீசுக்கு அதில்தான் போகிறேன். சாவி மாட்டும் ஆணியில் என் பஸ் பாஸ் தொங்குகிறது. வைத்துக்கொள்ளுங்கள்.