சிங்கனுக்கு அரை மி.லி.

ஆடி 7, திங்கள்

எழும்பியதும் முதல் வேலை குசினி நிலம் கழுவியது. இரண்டு இடத்தில் வாந்தி, கதவடியில் தண்ணீராகக் கழிச்சல். அடுப்புச் சாம்பல் போட்டு அள்ளி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிறகுதான் தேத்தண்ணி. சோளகக் காற்று விடியவே தொடங்கிவிட்டது. கழுவிய நிலத்தில் திரும்பவும் புழுதி.

சிங்கன் கதிரைக்குக் கீழே படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வயது. பூனைக் கணக்கில் அப்பாவின் வயது. தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது.

போன கிழமை மிருக வைத்தியர் இரத்தம் காணாது என்று சொல்லி இரும்புச்சத்து சிரப்பும் மீனெண்ணெய்க் குளிசையும் தந்தார். சத்துக்கென்று தந்தது. இருந்த சத்தும் போகிறது.

பிழை என்னுடையது. சனிக்கிழமை அம்மன் கோயில் கொடியேறியது. பத்து நாளைக்கு வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. மீன் இல்லாத சோற்றைச் சிங்கன் மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். நான் வெறுவயிற்றிலேயே சிரப்பையும் குளிசையையும் வாய்க்குள் விட்டேன். சனியும் ஞாயிறும். போத்தலில் ‘உணவுடன்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நூலகத்தில் நாள் முழுக்க எழுத்தோடு இருக்கிறவள் நான்.

டொக்டருக்கு போன். சின்னப் பிள்ளை, பொறுமையாகக் கதைப்பார்.

“அக்கா, ரெண்டையும் ஒரே நாளிலயோ தொடங்கினீங்கள்?”

“ஓம்.”

“அப்ப எது ஒத்துக்கொள்ளேல்லை எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?”

சொன்னவை:
– இன்றும் நாளையும் இரண்டும் வேண்டாம்.
– புதனிலிருந்து சிரப் மட்டும். அரை மி.லி. சாப்பாட்டோடு.
– ஒரு கிழமை தாங்கினால் ஒரு மி.லி. மீனெண்ணெய் அதற்குப் பிறகு.
– அவித்த மீன், உப்பில்லாமல். கொஞ்சம் கொஞ்சமாக நாலு தரம்.
– தண்ணீர் குடிக்கிறானா பார்க்க.
– பால் கூடாது. (எங்கள் வீட்டுக்குப் பால் வருவதே இல்லை.)
– கறுப்பாகப் போனால் பயமில்லை, அது இரும்பு. சிவப்புக் கண்டால் உடனே வர.
– எல்லாம் எழுதி வைக்க.

“சனிக்கிழமை கொண்டு வாங்கோ, நிறுத்துப் பாப்பம். இன்னும் குறைஞ்சிருந்தா... வயசு போன சீவன் அக்கா. கனக்க வருத்தக்கூடாது.”

அந்தக் கடைசி வசனத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா போன பிறகு அவர் ஒரு நாளில் கதைக்கிற கதையில் முக்கால்வாசி சிங்கனோடுதான்.

ஆடி 8, செவ்வாய்

ஐந்து மணிக்கு எழும்பி, பின் வளவில் மூன்று கல் வைத்து, பழைய சட்டியில் சூடை மீன் அவிப்பு. அந்தச் சட்டி உள்ளே வரக்கூடாது. அவித்து முடிய நானும் முழுகாமல் உள்ளே வரக்கூடாது. ஒரு காலைக்கு இரண்டு முழுக்கு. தலை இன்னும் ஈரம்.

மீன் வாங்கியது நேற்றுப் பின்னேரம், மயிலிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவரிடம்.

“என்ன அக்கா, கொடியேறியிருக்கு, மீனோ?”

“பூனைக்கு.”

“ஓமோம். திருவிழா தொடங்கினா இந்த ஊர்ப் பூனையளுக்கு நல்ல பசி.”

சிரிக்கத்தான் வேணும். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வாந்தி நின்றுவிட்டது. கழிச்சல் நிற்கவில்லை. மருந்தே கொடுக்காத நாளில் ஏன்?

அப்பா இன்றும் எனக்கு முதலே எழும்பித் தன் சாரத்தைத் தானே தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறார். “விடு பிள்ளை, என்ரை உடுப்பை நான் தோய்க்கிறன்.” எழுபத்தெட்டு வயதில் ஒரு பிடிவாதம்.

பின்னேரம் ஆறு மணிக்கு லண்டனிலிருந்து அக்கா, வீடியோவில். எப்போதும் அதே கேள்வி.

“அப்பா பவுடர் குடிக்கிறாரோ?”

“ஓம் அக்கா.”

“மெலிஞ்சுபோனார் போலத் தெரியுது. ஒழுங்காக் கரைச்சுக் குடுக்கிறியோ?”

“ஓம் அக்கா.”

மூன்று டின் அனுப்பியிருக்கிறார். வயதானவர்களுக்கான சத்துமா. காலையில் ஒரு தம்ளர் கரைத்து அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவேன். வரும்போது தம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

ஆடி 10, வியாழன்

நேற்று: மீன் பாதி. சிரப் அரை மி.லி. வாந்தி இல்லை. கழிச்சல் ஒரு தரம்.
இன்று: மீன் பாதி. சிரப் அரை மி.லி. வாந்தி இல்லை. பின்னேரம் கழிச்சல் இரண்டு தரம். கறுப்பில்லை. வெளிறின மஞ்சள், நுரையோடு. ஒரு இனிப்பு மணம், பேக்கரிக் கேக் மாதிரி. என் மூக்கும் களைத்துப்போயிற்றோ தெரியாது.

டொக்டர்: “பால் ஏதும்?”

“இல்லைப் பிள்ளை. நாங்கள் வெறும் தேத்தண்ணிக்காரர்.”

“எங்கையோ குடிக்குது அக்கா.”

அப்பா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், “உள்ளுக்க என்ன செய்யுதெண்டு அதுக்குத்தானே தெரியும்” என்றார். சொல்லிவிட்டு எழும்பிப் பின்பக்கம் போனார்.

நூலகத்தில் ஒரு புத்தகத்தை இரண்டு தரம் பதிந்திருக்கிறேன். கையில் மீன் வெடில். எலுமிச்சங்காய் தேய்த்தும் போகவில்லை. வாசல் மரவாங்கில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் கால் மணி நேரம். நன்றாக இருந்தது.

ஆடி 11, வெள்ளி

மின்சாரம் இல்லையென்று நூலகம் பதினொரு மணிக்கே மூடியாயிற்று. சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்படலையால் வந்தேன்.

அப்பா கிணற்றடிக் கல்லில் குந்தியிருக்கிறார். கையில் தம்ளர். முன்னால் சிங்கனின் தட்டு.

“குடியடா. எனக்குத்தான் உடம்பிலை ஒட்டேல்லை. உனக்கெண்டாலும் ஒட்டட்டும்.”

சிங்கன் நக்கி நக்கிக் குடிக்கிறான். வனிலா மணம் கிணற்றடி வரைக்கும்.

என்னைக் கண்டதும் தம்ளரைப் பின்னால் மறைத்தார்.

“எத்தினை நாளா அப்பா?”

“கன நாளில்லை.”

“எத்தினை நாள்?”

“முதல் டின் முடியிறத்துக்குக் கொஞ்சம் முதல்.” பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “வயித்தைக் கலக்குது பிள்ளை. கக்கூசுக்குப் போய்ச்சேர முதல்...” கண் கொடியில் காய்ந்த சாரத்துக்குப் போயிற்று.

“அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் குடிச்சிட்டன் எண்டு சொன்னனீங்கள்?”

“ரெண்டு வாய் குடிப்பன். பொய் சொல்லக்கூடாதெண்டு.”

“மிச்சத்தை ஊத்தியிருக்கலாமே.”

“லண்டனிலை இருந்து கொக்கா ஆசையா அனுப்பினது. எப்பிடி ஊத்திறது? சத்தெண்டு எழுதியும் கிடக்கு.”

டின்னை எடுத்து வந்து திருப்பிப் பார்த்தேன். முதல் சொல்லே பால்மா. நான்தான் திறந்தேன், நான்தான் ஒவ்வொரு நாளும் கரைத்தேன்.

“கொக்காவுக்குச் சொல்லாதை பிள்ளை. மனம் நோவாள்.”

“ஓம் அப்பா.”

ஐந்து நாளாக ஒரு பூனையின் வயிற்றை நேரம் போட்டு எழுதியிருக்கிறேன். நிறம், நுரை, மணம், எத்தனை தரம். அந்த ஐந்து நாளும் கொடியில் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறேன்.

ஆடி 12, சனி

மழைக்குணம் இல்லை. காற்று.

விடிய: கொடியில் சாரம் இல்லை. மீன் முழுவதும். சிரப் அரை மி.லி. பத்து மணிக்கு ஒரு தரம், கறுப்பு, கொஞ்சம் இறுக்கம். கறுப்பைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை.

உரப்பையால் மூடிய கூடையில் சிங்கன், ஓட்டோவில் சுன்னாகம் வரை ஒரே கத்தல். நிறை 2.9 கிலோ. போன கிழமையும் அதேதான்.

“குறையேல்லை. அது போதும் இப்ப” என்றார் டொக்டர். கிணற்றடிக் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அப்பாவுக்கும் அந்தப் பால்மா ஒத்துவரேல்லைப் போல. பெரிய டொக்டரைக் கேளுங்கோ அக்கா. எனக்கு நாலுகால்காரரை மட்டும்தான் தெரியும்.”

வரும்போது ஓட்டோவிலேயே முடிவெடுத்து, செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நூலகத்துக்கு லீவுக் கடிதம் எழுதியாயிற்று. மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி. இரண்டு கிண்ணம் குடித்தார், எழும்பி ஓடவில்லை. இப்போது சாய்மனைக் கதிரையில் நித்திரை. சிங்கன் அவருடைய கால்மாட்டில். இரண்டு வயிறும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன.

அப்பா தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார், இன்று அதில் ஒன்றும் கரைக்காதபோதும். அக்காவின் வீடியோவில் தெரிகிற இடத்தில்.

ஐந்தரை. ஆறு மணிக்கு அக்கா கோல் எடுப்பார். குடிக்கிறாரோ என்று கேட்பார். இல்லை என்று சொல்லப்போகிறேன். அப்பா பக்கத்தில்தான் இருப்பார். சொல்லப்போவதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.