தம்பிக்காகக் கட்டிய பணம்

வடுகபட்டி
12.8.2024

பாசமுள்ள யுவராணிக்கு மூக்கம்மாள் எழுதுவது. நீயும் கனிஷ்காவும் சுகம்தானே? போனில் பேசினால் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிடுகிறது, சொல்ல வந்தது நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஜெயிலுக்குப் போய் என் தம்பியைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. "அக்கா, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஜீவனாம்சம் கட்டலைனு உள்ள வச்சுட்டாக" என்றான். அம்மா செத்தபோது கர்ணன் நடை பழகுகிற பிள்ளை. என் இடுப்பில் வளர்ந்தவன்.

நீயே யோசி. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு வேலை அவனுக்காகக் காத்திருக்காது, வேறு டிரைவரைப் போட்டுவிடுவார்கள். வேலையும் போனால் உன் பிள்ளைக்கு எதிலிருந்து கொடுப்பான்? வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல், ஆத்தா.

உன் மதினி
மூக்கம்மாள்


சின்னமனூர்
17.8.2024

அன்புள்ள மதினிக்கு யுவராணியின் வணக்கம்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. வாரண்டு போட்ட அன்று நானும் வக்கீலிடம் அதையேதான் கேட்டேன். "வேற வழி இருந்தாச் சொல்லும்மா" என்றார். எனக்கும் தெரியவில்லை.

அவர் ஜெயிலில் இருப்பதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் மதினி, இல்லாதவரை நான் உள்ளே தள்ளவில்லை. கோர்ட்டில் நின்று வருமானமே இல்லை என்றார். அதே வாரம் கம்பத்தில் கூட்டாளி வீட்டுக் காதுகுத்துக்குத் தன் படத்தைப் போட்டு ஆளுயரத்துக்கு ப்ளெக்ஸ் வைத்திருந்தார். அதன் அடியில் நின்றுதான் நான் பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்டாத பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கனிஷ்காவும் நின்றிருக்கிறாள். வீட்டில் வந்து மூச்சுவிடவில்லை. கூடப் படிக்கிற பிள்ளையின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எதையும் அடகு வைத்துக் கட்டிவிடாதீர்கள். தையில் உங்கள் மகள் சிம்ரன் கல்யாணம் இருக்கிறது.

யுவராணி


வடுகபட்டி
2.9.2024

யுவராணிக்கு,

நீ வேண்டாம் என்று எழுதியும் சிம்ரனுக்கு எடுத்து வைத்த சங்கிலியை அடகு வைத்துக் கட்டிவிட்டேன். கட்டின புருஷன் உள்ளே கிடக்க இவளுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்ற ஆத்திரத்தில்தான் கட்டினேன். அதை மறைக்கவில்லை.

ஜெயில் வாசலில் நின்று கூட்டி வந்தேன். ஓட்டலில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சங்கிலியைப் பற்றிச் சொன்னேன். "சரிக்கா" என்றான், அவ்வளவுதான். கை கழுவப் போனவன் திரும்பி வரவில்லை. லோயர் கேம்ப் பஸ்ஸில் ஏறிவிட்டான் என்று கடைக்காரர் சொன்னார். போனையும் எடுக்கவில்லை.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, யுவராணி.

மூக்கம்மாள்


சின்னமனூர்
10.9.2024

அன்புள்ள மதினிக்கு,

கோர்ட்டிலிருந்து பணம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன், அதை மெல்லத் தந்துவிடுவேன். மீதியை என் தம்பி கொண்டுவருகிறான். முதலில் சங்கிலியைத் திருப்புங்கள்.

இது அவர் சம்பாதித்ததாக இருந்தால் ஒரு பைசா திருப்பித் தரமாட்டேன். நீங்கள் கட்டிக்கொண்டே இருந்தால் அவர் கடைசிவரை அப்பாவாக ஆக வேண்டியதே இல்லை, மதினி.

மறுபடி பாக்கி விழும். மறுபடி மனுப் போடுவேன். பிறகு தெரிந்து நீங்கள் வருத்தப்படக் கூடாதென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இதற்காக என்னோடு பேச்சை விட்டாலும் உங்கள் மேல் எனக்குக் கோபம் வராது.

யுவராணி


வடுகபட்டி
4.2.2025

யுவராணிக்கு,

பதில் போடாமல் இவ்வளவு நாள் இருந்துவிட்டேன். சிம்ரன் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பத்திரிகை அனுப்பியும் நீ வரவில்லை. உன் சங்கடம் எனக்குப் புரிகிறது. தாய்மாமனும் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு மாமன் மாலையைப் போடச் சொன்னோம். சிம்ரன் யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கர்ணன் போன் பண்ணினான். வந்தால் பிடித்துவிடுவார்கள் என்றான். குமுளியில் எங்கே தங்கியிருக்கிறான் என்பதை என்னிடம் மட்டும் சொன்னான்.

நேற்று வாரண்டோடு போலீஸ் வந்தாக. "தம்பி எங்கம்மா?" என்று கேட்டாக.

சொல்லிவிட்டேன். எந்தத் தெரு, எந்த வீடு, காலையில் எப்போது ஜீப்பு எடுக்க வருவான், எல்லாம் சொன்னேன். அவர்கள் போன பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெயிலில் போடுவது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தத் தடவை பணம் கட்டமாட்டேன். சோறு மட்டும் கொண்டுபோவேன். அவன் தின்னாமல் திருப்பி அனுப்பினாலும் கொண்டுபோவேன்.

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன், மறுக்காதே. பரீட்சை முடிந்ததும் கனிஷ்காவை இங்கே கூட்டி வா. அத்தை வீடு எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. நீயும் இரண்டு நாள் தங்கிப் போ.

உன் மதினி
மூக்கம்மாள்