அப்பா போட்ட ஆறு மணி நேரக் கணக்கு

என் அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம், உன் சுகம் எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இங்கே பாதி சுகம்தான் கண்ணா. உடைந்த காலை நீட்டிக்கொண்டு தனியாக எப்படிச் சமாளிக்கிறாயோ, தண்ணீரைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள், பாத்ரூம் தரையை ஈரமாக விடாதே. போனில் பேசலாமென்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரைப் போடு என்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டு டீச்சர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்.

அன்றைக்குப் போனில் நீ, அப்பா வந்தா நல்லா இருக்கும்மா என்று ஒரு வார்த்தை சொன்னாயே, அவர் வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டு நீ வெளிநாடு போன நாளிலிருந்து உன்னோடு முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், மறுநாளே டிக்கெட் எடுத்துவிட்டார். பெட்டி கூடத்தில் திறந்து கிடக்கிறது, அடுக்குகிறார், பிரிக்கிறார், மறுபடி அடுக்குகிறார். போன மாதம் அவர் கால் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது உனக்குத் தெரியாது, சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். விமானத்தில் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டோம். எத்தனை மணி நேரப் பயணம் என்று அவர் கேட்க, இவர் டிக்கெட்டைப் பார்த்து, காலையில ஒன்பதுக்குக் கிளம்புது, மத்தியானம் மூணுக்கு இறங்குது, ஆறு மணி நேரம்தான் என்றார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தே தலை நரைத்தவர், சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்துத்தானே பழக்கம். இங்கே அடிக்கிற மணி வேறு, உன் ஊரில் அடிக்கிற மணி வேறு என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. எந்த ஊர் என்று டாக்டரும் கேட்கவில்லை, அப்படியென்றால் போகலாம், நடுநடுவே எழுந்து நடங்க என்று தலையாட்டிவிட்டார்.

நேற்று டிக்கெட் போட்ட பெண் போன் பண்ணினாள். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேலம்மா, பதினைஞ்சு மணி நேரம் உட்காரணும், பெரியவருக்கு எழுந்து நடக்கத் தோதா ஓர சீட் போடட்டுமா என்றாள். அவ்வளவு தூரத்தை ஆறு மணி நேரத்தில் தாண்ட அது என்ன ராக்கெட்டா என்று இவரைப் பிடித்துக் கேட்டேன். எனக்கு முந்தாநாளே தெரியும், டாக்டர்கிட்ட மூச்சு விடாதே என்கிறார். நான் சும்மா இருப்பேனா, நேரே போய்ச் சொன்னேன். கூடவே கூடாது, கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போனா நடுவானத்துல யாரும் ஒண்ணும் செய்ய முடியாது என்று டாக்டர் கத்தினார். அதையும் இவரிடம் சொல்லிப் பார்த்தேன், காலில் விழாத குறை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் பையன் கூப்பிட்டிருக்கான், போற உசுரு எங்கே இருந்தாலும் போகும் என்கிறார்.

இனி உன்னால்தான் முடியும். நீயே போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் உடம்பைக் காரணம் காட்டினால் அசைய மாட்டார். கூட்டாளி ஒருத்தன் பார்த்துக்கிறான், இங்கே இடமில்லை, நீங்க வந்தா தொந்தரவு என்று முகத்தில் அடித்த மாதிரி சொல். எழுதவே எனக்குக் கை கூசுகிறது. அப்பா என்று நீ வாய் திறந்து கூப்பிட இத்தனை நாள் ஆயிற்று, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள் என்று நானே கேட்கிறேன். மறுபடியும் உன்னோடு பேச மாட்டார். உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும். வியாழன் காலை விமானம், அதற்குள் பேசிவிடு.

உன் கால் சீக்கிரம் கூடட்டும், ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், கடவுள் உன் பக்கம் இருப்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, சொல்லும்போது குரல் உடையக் கூடாது. நீ அழுதாய் என்று தெரிந்தால் அவர் நடந்தாவது வந்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா