உயிரோடு இருப்பவர்கள் பக்கத்தில் உன் பெயர்

அன்பு மகன் கவ்ரிலுக்கு, அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா, அதை முதலில் சொல்.

நீ பேசி முப்பத்தொரு நாள் ஆகிறது. பிஸ்கே கடல் பக்கம் புயல் என்று டிவியில் காட்டுகிறார்கள், உன் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டால் அந்தப் பெண், கப்பல் போய்க்கிட்டுதான் இருக்கு, அதுக்கு மேல தெரியாதும்மா என்கிறாள். இதற்கு நடுவில் போன சனிக்கிழமை இறந்தவர்களுக்கான பூசை. வழக்கம்போல அப்பாதான் பெயர்த்தாள் எழுதினார், ஒரு பக்கம் உயிரோடு இருப்பவர்கள், மறுபக்கம் போய்ச் சேர்ந்தவர்கள். கண்ணாடி போடாமலே எழுதியிருக்கிறார் மனிதர். பாதிரியார் இறந்தவர்கள் பெயரை வாசித்தபோது கவ்ரில் என்று வந்தது, உன் தாத்தா என்று சிலுவை போட்டுக்கொண்டேன். உடனே இன்னொரு கவ்ரில் வந்தது. நம் வீட்டில் செத்த கவ்ரில் ஒருவர்தானே! இறந்தவர்களுக்குப் படைக்கக் கொண்டுபோன கோதுமைத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன். வெளியே வந்து அப்பாவைப் பிடிபிடி என்று பிடித்தேன். அது வெறும் காகிதம்டி, எந்தப் பக்கம்னு கடவுளுக்குத் தெரியாதா என்றார். சொன்னவர் அன்றைக்கு ஒரு வாய் சூப்கூடத் தொடவில்லை. பக்கத்து வீட்டுச் சவேத்தா வேறு, படிச்சது படிச்சதுதானே அக்லயா என்கிறாள், அவள் வாயில் கொள்ளியை வைக்க.

திங்கட்கிழமையிலிருந்து நம் யாஷ் நகரில் ஒரு கோயில் விடவில்லை. கோலியா மடத்துக்கு டிராமில் போனேன், மூன்று ஆயர் கோயிலில் சுற்றுலாக்காரர்கள் சுவரில் செதுக்கிய கல்லைப் படம் பிடிக்க நான் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போனேன், பர்பொய் கோயிலில் மெழுகுவர்த்தியை உயிருள்ளவர்கள் தட்டில்தான் வைத்தேனா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் உன் பெயரை உயிருள்ளவர்கள் பக்கத்தில் நானே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நேற்று உருகின பனிச்சேற்றில் முட்டி வலிக்கக் கலாதா மடத்து மேட்டில் ஏறினேன். தாளை வாங்கிய கன்னியாஸ்திரி, ஒரே ஒரு பேர்தானா, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் உயிரோட இல்லையாம்மா என்று சிரித்தாள். அப்போதுதான் பார்த்தேன், நான்கு நாளாக எங்கள் பெயரை எழுதவே இல்லை. அவன் இருந்தா நாங்களும் இருக்கோம் தாயே என்றேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

கம்பெனி மூலம் இதை அனுப்புகிறேன், எந்தத் துறைமுகத்தில் கிடைக்குமோ. ஈரக் காலுறையோடு படுக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நீளமாக எழுத வேண்டாம் கண்ணே. இத்துடன் ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன், மேலே உயிரோடு இருப்பவர்கள் என்று எழுதியிருக்கிறேன். கீழே உன் பெயரை உன் கையாலேயே எழுதி அனுப்பு.

காத்திருக்கும் உன் அம்மா,
அக்லயா

(அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு உறைமேல் விலாசம் எழுதுகிறார். மூன்று முறை சரிபார்த்துவிட்டார்.)