என்னால் மாறிய விதி

டூங்கபி, 13.6.2011

அன்பு றெஜினா,

நீயும் மகளும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். எனக்குத் தோளில் சின்ன நோவு மட்டும்தான், யோசிக்காதே.

ஞாயிறுகளில் வேலையிடத்து ஆட்களோடு அமெரிக்கன் புட்போல் விளையாடுகிறேன். பந்து பிடிக்க ஓடுபவனை மறிப்பது என் பொறுப்பு. என்னை ஒருவனும் தாண்டுவதில்லை. அதற்காக விதியையே மாற்றிவிட்டார்கள். ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து மீற்றருக்கு அப்பால் ஆளைத் தொடக்கூடாதாம்! இதென்ன நியாயம்?

“அமெரிக்காவிலும் முந்தி ஒருத்தன் இப்பிடி மறிச்சதாலதான் றூலை மாத்தினவங்கள் அண்ணை,” என்று கூட வேலைசெய்யும் ஜெயதீபன் சிரிக்கிறான்.

“இனி வரமாட்டன்” என்று கத்திவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு முழுக்க அறையில் பேச ஆளில்லை. நேற்று மறுபடி போய்விட்டேன்.

மகளின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, சப்பாத்து வாங்கவேண்டும். இரண்டு காலையும் வரை. பஸ் தரிப்பிலிருந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உன் அமலதாஸ்