மொட்டின் நிறம்

14.3.1957, வியாழன்

மூன்று வருடத்துக்கு முன் நான் தோட்டவேலை செய்யும் துரையின் பங்களாக் குப்பையில் கிடந்த, பை போன்ற இதழுள்ள செருப்பு ஆர்க்கிட் செடியின் துண்டொன்றை, எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்தேன். பெயர்ச்சீட்டு இல்லை. போன வாரம் பூத்தது. அப்படியொரு பூ பங்களாவில் கிடையாது.

இன்று துரையின் ஆர்க்கிட் தொட்டி ஒன்றைத் துடைத்தபோது இலைப் புள்ளிகளைப் பார்த்துத் திடுக்கிட்டேன்; என் செடியில் இருக்கும் அதே புள்ளிகள். அவரே இரண்டு செடிகளைக் கலந்து உண்டாக்கிய செடி அது, முதல் மொட்டோடு நிற்கிறது. என்னுடையது அதன் துண்டுதான்; இரண்டும் ஒரே நிறத்தில்தான் பூக்கும்.

"என்ன நெறம் வருமோ" என்றார் துரை.

"பை கருஞ்செவப்பா வருங்க தொரை." வாய் தவறிவிட்டது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

நான் குனிந்து அடுத்த தொட்டியைத் துடைக்கத் தொடங்கினேன். குப்பையில் எடுத்தேன் என்றால் நம்பமாட்டார்; திருட்டு என்றால் வேலையும் போகும், லயமும் போகும்.

"கிள்ளிப் போட்டுருங்க" என்றாள் மனைவி, லயத்தில் விஷயத்தைக் கேட்டதும். எங்கள் பூவைக் கிள்ளி அடுப்பில் போட்டேன்.

பங்களா மொட்டு எப்படியும் விரியும். நான் சொன்ன நிறத்தில்தான் விரியும்; அன்றைக்குத் துரை மறுபடி கேட்பார்.