சுண்ணாம்பு பிடிக்காத வாயு

12 பெப்ரவரி 1992
சண்டிலிப்பாய்த் தோட்டத்தில் இன்று கரியில் இறைப்பு மிசின் ஓடியது! பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை; தொடக்கிவிட ஒரு மூடி, அவ்வளவுதான். குருநகர்ச் செபநாயகம் இரண்டு பழைய பீப்பாய்களை ஒட்டிச் செய்து தந்த அடுப்பு. உள்ளே சிரட்டைக்கரி கனல்கிறது, அதில் கிளம்பும் வாயுவை மிசின் குடிக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் என் மனுசன் சோமசேகரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் கூடவே ஓடினார். வாடிக் கிடந்த வெங்காயம் இனிப் பிழைக்கும்.

16 பெப்ரவரி
புகை. பக்கத்துத் தோட்டத்துப் பாலேஸ்வரி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ரீச்சர், பொம்மருக்குக் கொடி காட்டிறியளோ?" என்றா. சிரித்தேன். பிறகு குண்டு போடும் விமானம் ஏதும் வருகிறதா என்று வானத்தைப் பார்த்தேன்.

கோப்பாயில் பதினான்கு வருடம் இரசாயனம் படிப்பிப்பவள் நான். எனக்கா வழி தெரியாது? மிசினின் புகைக்குழாயைச் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டால் போச்சு. கரித்தூள் தண்ணீரில் தங்கும், காபனீரொட்சைட்டை (CO₂) சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். உலகத்தைச் சூடாக்குவதும் அந்த வாயுதான் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்திருக்கிறேன். நிலக்கரியை மலைமலையாக எரிக்கும் தேசங்களுக்கு வராத யோசனை சண்டிலிப்பாயில் வந்திருக்கிறது. (இந்த வரியை இவருக்குக் காட்டக்கூடாது.)

22 பெப்ரவரி
தொட்டி பால்போல் வெளுத்தது. வெளியே புகையே இல்லை. செபநாயகம் வாயைப் பிளந்தபடி நின்றார். "இனி மிசின் கொட்டில் கதவையும் சாத்திப்போட்டு ஓட்டுங்கோ, சத்தமும் வெளியிலை கேக்காது. நஞ்செல்லாம் சுண்ணாம்புக்குள்ளை போயிடும்" என்று என் மனுசனிடம் சொன்னேன்.

1 மார்ச்
எழுதத்தான் வேண்டும்.

இறைப்பு முடிந்து மிசினை நிற்பாட்டிய என் மனுசன் களைப்பில் கொட்டிலுக்குள்ளேயே சாய்ந்திருக்கிறார். பாலேஸ்வரி அக்கா கூப்பிட்டும் பதில் இல்லை. கதவைத் தள்ளித் திறந்து இழுத்து வெளியே போட்டிருக்கிறா. நான் போகேக்கை வேம்புக்குக் கீழை கிடந்தார். கண் முழிச்சு, "தலை இடிக்குது, ஞானம்" என்டார். அவ்வளவுதான். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். என்ரை கடவுளே, நான்தானே கதவைச் சாத்தச் சொன்னனான்!

2 மார்ச்
ஈர், ஓர். ஒரே ஒரு எழுத்து.

சுண்ணாம்பு பிடிப்பது காபனீரொட்சைட்டை. கனலும் கரியிலிருந்து மிசின் குடிப்பதோ காபனோரொட்சைட்டு (CO). நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். சுண்ணாம்பு அதைத் தொடாது. மிசின் நின்ற பிறகு பீப்பாயில் மிஞ்சியது சாத்திய கொட்டிலுக்குள் கசிந்திருக்கிறது. பிள்ளைகள் ஈரை ஓர் என்று எழுதினால் புள்ளி வெட்டுகிறவள் நான். தொட்டி வெளுத்த புளுகத்தில், அந்தச் சந்தோசத்தில், மற்றதை மறந்தே போனேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்.

4 மார்ச்
ஆசுப்பத்திரியில் இன்று கஞ்சி குடித்தார். நானும் குடித்தேன்.

9 மார்ச்
வீட்டுக்கு வந்துவிட்டார். மிசினைக் கழற்றிவிடுவோம் என்றேன். "மிசின் என்ன பிழை விட்டது?" என்றார்.

"நான்தான் பிழை விட்டனான்."

"ஓம்" என்றார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பின்னேரம் கொட்டிலின் நாலு பக்கத் தட்டியையும் அவிழ்த்தோம். கூரை மட்டும் போதும். எது ஈர், எது ஓர் என்று கேட்டார். கரித்துண்டால் தரையில் எழுதிக் காட்டினேன். நல்லாக நேரமெடுத்துப் பார்த்தார்.

13 மார்ச்
மறுபடி இறைப்பு. நானும் பக்கத்தில் நின்றேன். காற்று நன்றாக அடித்தது.

19 ஏப்ரல்
வெங்காயம் கிண்டியாயிற்று. நல்ல விளைச்சல், குமிழ் ஒவ்வொன்றும் பருமன். இரண்டு பேரும் இருந்து பிடி கட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் ஒருவர் சொன்னார்: நிலக்கரி ஆலைப் புகையிலிருந்து வாயுவைப் பிடித்து நிலத்துக்கடியில் புதைக்கலாமாம், பூமி சூடேறாதாம். எனக்குப் புளுகம் தாங்கவில்லை.

"பாத்தியளே! நான் அண்டைக்கே சொன்னது!"

இவர் தலை நிமிராமல் ஒரு பிடியை இறுக்கி முடிந்தார்.

"ஈரையோ பிடிக்கினம், ஓரையோ?"

"ஈரைத்தான்."

"அப்ப மற்றதை ஆர் பாக்கிறது?"